சப்வூஃபரைச் சோபாவில் உட்கார வையுங்கள்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே புலம்பல்தான். சரவுண்ட் சிஸ்டம் வாங்கியாயிற்று, மாட்டியாயிற்று, ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருந்த ஆர்ப்பாட்டம் காதுக்கு வந்து சேரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீடுகளுக்குப் போய் ஸ்பீக்கர்களைச் சரிசெய்து கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான் போகிற வீடுகளில் பொருள் மோசமாக இருப்பது அபூர்வம். அது வைக்கப்பட்டிருக்கும் இடம்தான் மோசமாக இருக்கும். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே நானே பட்டப்பெயர் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சார், 5.1 சிஸ்டம் வைத்திருக்கிறோம். சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் அதிர்கிறது. பேச ஆரம்பித்தால் ஒன்றும் புரியவில்லை. ரிமோட்டைக் கீழே வைக்க முடியாமல் படம் பார்க்கிறோம். சென்டர் ஸ்பீக்கரை மாற்றிவிடலாமா?
– வசனம் தேடும் வாசகி

பதில்: மாற்றாதீர்கள். 5.1 என்றால் முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு என ஐந்து ஸ்பீக்கர், கூடவே பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபர். முன் மூன்றில் நடுவில் இருப்பதுதான் சென்டர், வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். முதலில் அந்த ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவி ஸ்டாண்டின் நடுத்தட்டில், நன்றாக உள்ளே தள்ளி, செட்டாப் பாக்ஸுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறதா? அப்படியானால் பாதி நோய் அங்கேதான். தட்டின் மேல்பலகையிலும் கீழ்ப்பலகையிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியோடு கலந்து குரலைக் குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஆக்கிவிடும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி இழுத்து வையுங்கள். அது உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தால் முன்பக்க அடியில் ஒரு ரப்பர் துண்டைக் கொடுத்து, காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். வார்த்தையைப் புரியவைப்பது க, ச, ட, ப போன்ற மெய்யொலிகள். அவற்றின் தெளிவு பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கிறது. அந்த ஒலிகள் ஸ்பீக்கரின் நேர்முகத்தில்தான் நன்றாக வரும், விலக விலகத் தேய்ந்துவிடும்.

அடுத்தது அளவு. ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, அதன் மெனுவில் டெஸ்ட் டோன் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மாறி மாறி 'உஷ்ஷ்' என்று ஒரு இரைச்சல் வரும். நீங்கள் உட்காரும் இடத்தில் எல்லாம் ஒரே அளவாகக் கேட்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகும் வசனம் குறைவாகத் தோன்றினால் சென்டரை மட்டும் 2 டெசிபெல் ஏற்றுங்கள். விதிப்படி இது தப்பு என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வீட்டில் படம் பார்ப்பது நீங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படத்துக்கு ஒலி சேர்க்கும் அரங்குகளில் ஒவ்வொரு முக்கிய சேனலும் உச்சத்தில் 105 டெசிபெல் வரை போகும்படியும், பேஸுக்கான தனிச் சேனல் 115 வரை போகும்படியும் வைத்திருப்பார்கள். சாதாரணப் பேச்சு அந்த உச்சத்துக்கு 25, 30 டெசிபெல் கீழே இருக்கும். அந்த அரங்கில் இது சரியாக இருக்கும். வீட்டில் நாம் மொத்தத்தையும் 20 டெசிபெல் குறைத்துக் கேட்கிறோம். அப்போது வெடிச்சத்தம் வெடிச்சத்தமாகவே இருக்கும், பேச்சு முணுமுணுப்பாகிவிடும். இதற்காகத்தான் ரிசீவரில் 'நைட் மோட்', 'டைனமிக் ரேஞ்ச்' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒரு வசதி வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் பார்க்கும்போது தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் செய்தும் சரியாகவில்லை என்றால் புது சென்டரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: எங்கள் சோபா பின்சுவரை ஒட்டி இருக்கிறது. பின் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது? 7.1 ஆக மாற்றினால் நன்றாக இருக்குமா?
– சுவரோடு சாய்ந்தவர்

பதில்: 7.1 உங்களுக்கு வேண்டாம். அது 5.1-க்கு மேல் முதுகுக்குப் பின்னால் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வைப்பது. பின்னால் இடமே இல்லாதபோது பின் ஸ்பீக்கர் எதற்கு? 5.1 என்று சொல்லும்போது அந்த இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்களும் உண்மையில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டியவை அல்ல. பக்கவாட்டில், சற்றே பின்னால். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 என்ற பரிந்துரைப்படி, நேர் எதிரே 0 டிகிரி என்றால் முன் இடது, வலது ஸ்பீக்கர்கள் 30 டிகிரியிலும், சரவுண்ட் இரண்டும் 100 முதல் 120 டிகிரிக்குள்ளும் வர வேண்டும். 90 டிகிரி என்பது உங்கள் தோளுக்கு நேர் பக்கம். அதற்குச் சற்றுப் பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோணமானி தேவையில்லை. முன் ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு கயிற்றால் அளந்து, அதே கயிறு ஒவ்வொன்றிலிருந்தும் உங்கள் தலைவரை வந்தால் அது சரியாக 30 டிகிரி. கயிறு கொஞ்சம் போதாமல் போனால் பரவாயில்லை, 22 டிகிரி வரை தாங்கும்.

உங்கள் அறையில் சரவுண்டுகளைப் பக்கச் சுவர்களில், தோளுக்கு நேராக அல்லது அரை அடி பின்னால், காதுக்கு மேலே 2 அடி உயரத்தில் மாட்டுங்கள். உயரம் எதற்கென்றால், ஓரத்தில் உட்காருபவரின் காதுக்குள் ஒரே ஸ்பீக்கர் கத்தாமல் இருக்கத்தான். அப்புறம், முடிந்தால் சோபாவை ஒரு அடியாவது முன்னால் இழுங்கள். சுவரோரத்தில் பேஸ் குவியும். அங்கே உட்கார்ந்தால் எல்லாமே 'தும் தும்' என்று கேட்கும், அதை எந்த மெனுவும் முழுதாகச் சரிசெய்யாது.

கேள்வி: சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்திருக்கிறேன். நான் உட்காரும் நாற்காலியில் பேஸே இல்லை. கதவோரம் நிற்கும் என் மகன் காதைப் பொத்திக்கொள்கிறான். சப் பழுதா?
– இடி கேட்காதவர்

பதில்: பழுதில்லை. உங்கள் நாற்காலி அறையின் நட்டநடுவில் இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார்.

ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது. 5 மீட்டர் நீள அறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே முன்னும் பின்னும் மோதி நிலையாக நிற்கும் முதல் அலை, 343ஐ அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைக்கும்: சுமார் 34 ஹெர்ட்ஸ். 4 மீட்டர் அறை என்றால் 43 ஹெர்ட்ஸ். சப்வூஃபருக்கென்று இருக்கும் வேலையே இந்த எல்லையில்தான். இந்த அலை சுவரோரங்களில் உச்சத்தில் இருக்கும், அறையின் மையத்தில் ஏறக்குறைய செத்துவிடும். நீங்கள் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மகன் மேட்டில் நிற்கிறான்.

பலர் இங்கே செய்வது சப்பின் வால்யூமை ஏற்றுவது, அல்லது ஈக்வலைசரில் (குறிப்பிட்ட ஹெர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி) அந்த ஹெர்ட்ஸைத் தூக்குவது. பயனில்லை. 10 டெசிபெல் தூக்கினால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) 10 மடங்கு சக்தி தர வேண்டும். தந்தாலும் நேரே வரும் அலை எவ்வளவு கூடுகிறதோ, சுவரில் பட்டுத் திரும்பி அதை அழிக்கிற அலையும் அவ்வளவு கூடும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். கதவோரம்தான் இன்னும் அதிரும். மேட்டை ஈக்வலைசரால் வெட்டலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளத்துக்கு மருந்து, சப்பையோ நாற்காலியையோ நகர்த்துவது.

எங்கே நகர்த்துவது? இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். சப்வூஃபரைத் தூக்கி நீங்கள் உட்காரும் சோபாவிலேயே வையுங்கள், நாற்காலி என்றால் நாற்காலியில். பேஸ் கிட்டார் ஏறி இறங்கி ஓடும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நீங்கள் தரையில் இறங்கி, சப்பை வைக்க இடம் இருக்கும் ஓரங்களில் மட்டும் தவழ்ந்து போய்க் கேளுங்கள். தலை, சப் தரையில் இருந்தால் வரும் உயரத்தில் இருக்க வேண்டும். மூலையில் பூதம் போல் கேட்கும், சில இடங்களில் காணாமல் போகும். எல்லா சுரமும் ஒரே அளவில், ஒன்று மட்டும் துருத்தாமல் கேட்கும் இடம் ஒன்று தட்டுப்படும். சத்தம் அதிகமான இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சமமான இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டு, சப்பைக் கொண்டுபோய் அங்கே வையுங்கள். ஒலி போகும் பாதை இரு திசையிலும் ஒன்றுதான் என்பதால் அங்கே நீங்கள் கேட்டதை இப்போது நாற்காலியில் கேட்பீர்கள். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். அவர்களையும் தவழச் சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இதில் நல்ல காது.

இடம் முடிவானதும் சப்பின் பின்பக்கம் பாருங்கள். க்ராஸ்ஓவர் (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்புக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் எல்லை) திருகு இருந்தால் அதை அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள், அல்லது 'எல்.எஃப்.இ.' என்று போட்டிருக்கும் நிலைக்கு. பிரிக்கும் வேலையை ரிசீவர் ஏற்கெனவே செய்கிறது. இரண்டு பேர் ஒரே இடத்தில் வெட்டினால் நடுவில் ஓட்டை விழும். ஃபேஸ் சுவிட்ச் 0, 180 என்று இருக்கும். சப்பின் அலை மற்ற ஸ்பீக்கர்களோடு சேர்ந்து அசைகிறதா, எதிராக அசைகிறதா என்பதுதான் ஃபேஸ். 80 ஹெர்ட்ஸ் ஒலியை முன் ஸ்பீக்கரும் சப்பும் சேர்ந்து பாடும்படி விட்டு, நீங்கள் நாற்காலியில் இருக்க, இன்னொருவரைச் சுவிட்சை மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அது சரி.

இரண்டாவது சப் வாங்கலாமா என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள், தெரியும். பல இருக்கைகளுக்கும் ஒரே மாதிரி பேஸ் வேண்டுமென்றால் வாங்கலாம். ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தில் இருந்த டாட் வெல்டி 2002-ல் இதை விரிவாக ஆராய்ந்தார். எதிரெதிர்ச் சுவர்களின் மையத்தில் ஒவ்வொன்றாக இரண்டு சப் வைப்பது நீள்சதுர அறைக்கு மிக நல்ல ஏற்பாடுகளில் ஒன்று என்று அதில் தெரிந்தது. ஒரு பெரிய சப்பைவிட இரண்டு நடுத்தர சப்கள் மேல் என்பது என் கட்சியும்கூட. ஆனால் ஒருவரே உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஒன்று போதும், தவழத் தயாராக இருந்தால்.

கேள்வி: ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து ஆட்டோ செட்டப் ஓட்டினேன். சப்வூஃபர் என்னிடமிருந்து இரண்டரை மீட்டரில் இருக்கிறது. அது 4.1 மீட்டர் என்கிறது. நானே 2.5 என்று மாற்றிவிட்டேன். சரிதானே?
– டேப்பால் அளந்தவர்

பதில்: திரும்பப் பழையபடியே வைத்துவிடுங்கள். ரிசீவர் டேப் வைத்து அளப்பதில்லை, ஒலி வந்து சேரும் நேரத்தை அளக்கிறது. 1 மில்லி செகண்டில் ஒலி 34 சென்டிமீட்டர் போகும். சப்புக்குள் இருக்கும் சர்க்யூட் ஒலியை வெளியே விடவே சில மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். உங்கள் கணக்கில் கூடுதலாகக் காட்டும் 1.6 மீட்டர் என்பது ஏறத்தாழ 4.7 மில்லி செகண்ட் தாமதம். அதைச் சரிக்கட்ட மற்ற ஸ்பீக்கர்களை அந்த அளவு காக்கவைக்க வேண்டும் என்பது ரிசீவருக்குத் தெரிந்திருக்கிறது. நீங்கள் 2.5 என்று போட்டதும் சப் பின்தங்கிவிட்டது. முன் ஸ்பீக்கருக்கோ சென்டருக்கோ ஒரு மீட்டர் தப்பாகக் காட்டினால் மட்டும் சந்தேகப்படுங்கள். நடுவில் ஏதாவது மறைத்திருக்கும்.

ஆட்டோ செட்டப்புக்கு ஆடிசி, டிராக், ஒய்.பி.ஏ.ஓ. என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. பொதுவாக ஏமாறும் இடங்கள் எல்லாவற்றிலும் ஒன்றுதான். மைக்கை சோபாவின் முதுகில் சாய்த்து வைப்பது முதல் இடம். துணியும் பஞ்சும் மேல் ஒலியை விழுங்கிவிடும். கேமரா முக்காலி ஒன்றில், காது உயரத்தில், சாய்மானத்திலிருந்து விலக்கி வையுங்கள். முதல் அளவு நீங்கள் உட்காரும் இடத்திலேயே இருக்க வேண்டும், ஏனென்றால் தூரமும் அளவும் அதை வைத்துத்தான் கணக்கிடப்படும். அடுத்தடுத்த அளவுகளுக்கு மைக்கை ஒன்றரை, இரண்டு அடிக்குள் நகர்த்தினால் போதும். ஹாலின் நான்கு மூலைக்கும் கொண்டுபோகிறவர்கள் யாரும் உட்காராத மூலைக்காக சிஸ்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மின்விசிறி, ஏசி எல்லாம் அணைந்திருக்கட்டும்.

முடிந்ததும் மெனுவைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டிருந்தால் 'ஸ்மால்' ஆக்கி, க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். என் ஸ்பீக்கர் ஆளுயரம், அதைப் போய் ஸ்மால் என்பதா என்று மனம் வருந்த வேண்டாம். பேஸைச் சப்பிடம் ஒப்படைக்கிறாயா என்றுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். ரிசீவரே 100 அல்லது 120 என்று கண்டுபிடித்திருந்தால் அதை 80க்குக் குறைக்காதீர்கள், சின்ன ஸ்பீக்கரால் முடியாது என்று அது கண்டுதான் சொல்கிறது. இரண்டாவது, சப்பின் அளவு. மைனஸ் 12 போலக் கடைசி எல்லையில் நின்றிருந்தால் சப்பின் பின்னால் இருக்கும் வால்யூம் மிக அதிகம். குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

சில சமயம் ஒரு ஸ்பீக்கருக்கு ஃபேஸ் தவறு என்று எச்சரிக்கை வரும். பின்னால் பிளஸ், மைனஸ் வயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் எச்சரிக்கையைத் தாண்டிப் போகலாம். சில ஸ்பீக்கர்களின் உள் அமைப்பே அப்படி. ஒரு வீட்டில் பாட்டுக் கேட்டால் பாடகர் அறை முழுக்கக் கரைந்து கிடக்கிறார் என்று கூப்பிட்டார்கள். விலை கூடிய சிஸ்டம், மூன்று பேர் வந்து பார்த்தாயிற்றாம். முன் இடது ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருந்தன. உங்கள் வீட்டிலும் பார்க்கலாம்: ஸ்டீரியோவில் ஒருவர் பேசுவதைப் போடுங்கள். குரல் இரு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நின்றால் சரி.

கேள்வி: டிவியில் இருக்கும் ஆப்பில் படம் பார்க்கிறோம். ரிசீவருக்கு எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. வழியாகத்தான் ஒலி போகிறது. டெஸ்ட் டோனில் பேசும் பின் ஸ்பீக்கர்கள் படத்தில் ஊமையாகிவிடுகின்றன.
– முன்னால் மட்டும் கேட்பவர்

பதில்: டெஸ்ட் டோன் வருகிறது என்றால் வயர், ஸ்பீக்கர், ரிசீவர் மூன்றும் நலம். டிவியின் ஒலி மெனுவில் 'டிஜிட்டல் அவுட்புட்' என்ற இடத்தில் 'பி.சி.எம்.' (டிவியே பிரித்துத் தரும் ஒலி) என்று இருக்கும். சாதாரண ஏ.ஆர்.சி. வழியில் பி.சி.எம். என்றால் இரண்டே சேனல்தான் போகும். அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ்த்ரூ' (டிவி கைவைக்காமல் ரிசீவருக்கே அனுப்பும் ஒலி) என்று மாற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. 2.1 உடன் வந்த இ-ஏ.ஆர்.சி. இரண்டு பக்கமும் இருந்தால் சுருக்கப்படாத 5.1, 7.1 எல்லாமே போகும். பழைய ஆப்டிகல் வயரில் டால்பி டிஜிட்டல் வரை சரி, டால்பி டிஜிட்டல் பிளஸ் அதில் போகாது. அப்புறம், படத்தின் ஒலித்தடமே ஸ்டீரியோவாக இருக்கலாம், ஆப்பில் 5.1 என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 5.1 படத்திலும் இரண்டு பேர் அறையில் உட்கார்ந்து பேசும் காட்சியில் பின்னால் பெரிதாக எதுவும் வராது. எப்போதும் வர வேண்டும் என்று, ஸ்டீரியோ ஒலியையே எல்லா ஸ்பீக்கரிலும் விடும் 'ஆல் சேனல் ஸ்டீரியோ' போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கேள்வி: உதடு ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். என்ன செய்வது?
– டப்பிங் படம் போலப் பார்ப்பவர்

பதில்: ஒலி முந்திக்கொண்டு வந்தால் எளிது. டிவி படத்தை மெருகேற்ற நேரம் எடுத்துக்கொள்கிறது. ரிசீவரில் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' என்பதில் 20, 20 மில்லி செகண்டாக ஏற்றிப் பாருங்கள். ஒலி பிந்தினால் தொல்லை. ஒலியைத் தாமதிக்க முடியுமே தவிர முன்னால் தள்ள முடியாது. டிலே பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், டிவி 'கேம் மோட்'டில் இருந்தால் எடுத்துவிடுங்கள், பிளேயரை டிவிக்குக் கொடுக்காமல் நேராக ரிசீவருக்குக் கொடுங்கள்.

கேள்வி: ஸ்பீக்கர் வயர் இரு பக்கமும் ஒரே நீளம் இருக்க வேண்டுமா? விலை உயர்ந்த வயரால் ஒலி மாறுமா?
– வயர் வாங்கப் போகிறவர்

பதில்: ஒரே நீளம் வேண்டாம். மின்சாரத்தின் வேகத்தில் சில மீட்டர் வித்தியாசத்தைக் காது உணராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். அதற்கு மேல் நீளம் அல்லது 4 ஓம் என்றால் 2.5. நுனியில் ஒரு இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொடாமல் முறுக்கிச் செருகுங்கள், தொட்டால் ஆம்ப் அணைந்துவிடும். மிச்சக் காசை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒலி அளவு பார்க்கும் மீட்டர் என்னிடம் இல்லை. போனில் இருக்கும் டெசிபெல் ஆப் போதுமா?
– கையில் போன் மட்டும் உள்ளவர்

பதில்: ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று சமப்படுத்த போதும். ஆப்பில் 'சி வெயிட்டிங்', 'ஸ்லோ' என்று வைத்து, போனைக் காது உயரத்தில், எந்த ஸ்பீக்கரையும் குறிவைக்காமல் நிமிர்த்திப் பிடித்து டெஸ்ட் டோனை ஓடவிடுங்கள். முன் இடது என்ன காட்டுகிறதோ மற்றவையும் அதையே காட்டும்படி ஏற்றி இறக்குங்கள். ரிசீவரின் டெஸ்ட் டோனுக்கு 75 டெசிபெல் என்பது வழக்கமான இலக்கு. போன் காட்டும் 75 உண்மையான 75தானா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். ஐந்தும் ஒரே எண்ணில் நின்றால் வேலை முடிந்தது.

சப்புக்கு மட்டும் போனை நம்பாதீர்கள். பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட மைக் அது, மிகத் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே காட்டும். அதைப் பார்த்து ஏற்றிக்கொண்டே போனால் வீடு அதிரும். அதற்குப் பதிலாக, உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டு, சப்பை அணைத்தும் போட்டும் கேளுங்கள். அணைக்கும்போது பாட்டு மெலிய வேண்டும். போடும்போது கண்ணை மூடியிருக்கும் ஒருவரால் சப் இருக்கும் மூலையைக் கைகாட்ட முடிந்தால், 2 டெசிபெல் குறைத்துவிட்டு மறுபடி கேட்டுப் பாருங்கள். குறைத்தும் கைகாட்டினால் க்ராஸ்ஓவர் 80ஐத் தாண்டி எங்கோ நிற்கிறது என்று அர்த்தம், மெனுவுக்குப் போய்ப் பாருங்கள்.